பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

பூனைக்கு ஊசி போடுவது பெரும்பாடு என்று பலரும் பயமுறுத்தினார்கள். இந்த வேலையிலேயே எளிதானது அதுதான். விலாப்புறத்துத் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியை நுழைத்தால் முடிந்தது. எங்கள் மாணிக்கம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை.

பத்து வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, வாசலைத் தாண்டாத, கொழுத்த ஆண்பூனை. சர்க்கரை நோய்க்கு வேறு ஜாதகம் வேண்டாம். ஓயாமல் தண்ணீர் குடித்தான், நன்றாகத் தின்றுகொண்டே இளைத்தான், மணல்தட்டில் எறும்பு மொய்த்தது. பின்னங்கால்களில் குதிங்கால் தரையில் படிய நடக்கத் தொடங்கியதும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். நரம்பு பாதிப்பு என்றார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த சில மாதங்களில் நடை பெருமளவு திரும்பிவிட்டது.

மருந்து கிளார்ஜின் என்ற இன்சுலின். மனிதர்களுக்கு விற்கும் அதேதான். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, தொடக்கத்தில் 1 யூனிட். 10 மில்லி குப்பியில் 1000 யூனிட் இருக்கும். பூனைக்கு அது வீண் செலவு. 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வாங்கி, சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கிறோம்.

கவனமெல்லாம் அந்தச் சிரிஞ்சில்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை கிளார்ஜினை இழுத்தால் பூனைக்குள் போவது 2.5 யூனிட்; சின்ன உடம்பு அதைத் தாங்காது. மருந்துக் கடையில் வெறுமனே ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. மூடியின் நிறம் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. குளிர்பெட்டியிலும் அப்பாவுக்கு ஒரு தட்டு, மாணிக்கத்துக்கு வேறு தட்டு. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் விடாதீர்கள். மருத்துவர் அளவை ஏற்றுவதும் இறக்குவதும் அரை அரை யூனிட்டாகத்தான்.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் குளுக்கோமீட்டர் வாங்குங்கள். மருத்துவமனை மேசையில் பயத்தாலேயே பூனையின் சர்க்கரை எகிறிவிடும். அங்கே 380 காட்டிய நாளில் வீட்டில் அமைதியாகப் படுத்திருந்தபோது 210. அந்த 380-ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் ஆபத்து. காது விளிம்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, பின்னால் பஞ்சு வைத்து, விளிம்பில் ஓடும் ரத்தக்குழாயை ஒட்டிக் குத்த வேண்டும். முதல் வாரங்களில் ஸ்ட்ரிப்புகள் வீணாகும். பிறகு கை பழகிவிடும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும், ஏனெனில் பூனையின் சர்க்கரை பெரும்பாலும் சிவப்பணுக்களில் அல்லாமல் பிளாஸ்மாவில் இருக்கிறது. ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் போதும். ஊசிக்கு முன் எண் மருத்துவர் சொன்ன எல்லைக்குக் கீழே இருந்தால் ஊசி கிடையாது, தொலைபேசிதான். தள்ளாடினால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தோலில் ஒட்டும் 14 நாள் சென்சாரையும் பார்த்தாயிற்று. இரவு முழுவதும் சர்க்கரையின் போக்கு தெரிந்தது அருமை. ஆனால் மாணிக்கம் அதை நாற்காலிக் காலில் தேய்த்துப் பாதியிலேயே கழற்றிவிட்டான். மருந்தளவை மாற்றும் சமயத்தில் மட்டும் அந்தச் செலவு தகும்.

உலர் தீனியை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாறியதில் பலன் அதிகம். மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். உணவு மாறியதும் சர்க்கரை சரசரவென்று இறங்கும், பழைய அளவு இன்சுலின் அப்போது மிகையாகிவிடும். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. மாணிக்கம் அரை யூனிட் வரை இறங்கி அங்கேயே நிற்கிறான்.

இன்னும் தீராத தொல்லை வெளியூர்ப் பயணம். காலை ஏழு, மாலை ஏழு என்று ஊசி போட ஆள் வேண்டும். பூனை விடுதிகளில் கேட்டால் இன்சுலின் என்றதும் கையை விரிக்கிறார்கள். திருமணமோ காரியமோ, வீட்டில் ஒருவர் தங்குகிறோம். பெரும்பாலும் அப்பாதான், அவருக்கும் அதே ஏழு மணி.