480 யார்டை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

2012 ஜனவரி 1, லாம்போ ஃபீல்டு. அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இல் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸுக்கு, சொந்த மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. முதலிடம் முன்பே உறுதியாகிவிட்டதால் ஆரன் ராஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்து, மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மேட் ஃபிளினை இறக்கினார்கள். டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக அவர் எறிந்த 44 பந்துகளில் 31 போய்ச் சேர்ந்தன. அந்த எறிகளால் அணி முன்னேறியது 480 யார்டு; எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் 6. ராஜர்ஸுக்கு முன் அங்கே ஆடிய பிரெட் ஃபாவ்ர், ராஜர்ஸ் உட்பட அந்த அணியின் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அதுவரை ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எறிந்ததில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, சியாட்டில் சீஹாக்ஸ் 3 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் பேசி அவரை அழைத்துக்கொண்டது. என்.எஃப்.எல். வாழ்க்கையில் அவர் முதல் ஆளாகக் களமிறங்கியது அதுவரை மொத்தம் இரண்டே ஆட்டங்களில்.

அந்த நாளைப் பற்றிப் பேசும் பலர் ஒரு எண்ணை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எதிரணியின் மேத்யூ ஸ்டாஃபோர்டு அன்று 520 யார்டு எறிந்தார், 5 டச்டவுன். ஆட்டத்தை கிரீன் பே 45-41 என்று வென்றது. இரண்டு தடுப்பு அணிகளும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன நாள் அது. அதோடு ஃபிளினின் 6 டச்டவுன்களில் மூன்றைப் பிடித்தவர் ஜோர்டி நெல்சன். அந்த 480-இல் எத்தனை யார்டு ஃபிளினின் சொந்தச் சம்பாத்தியம், எத்தனை இரவல் என்று பிரித்துக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அதே உடைமாற்றும் அறையில் சில ஆண்டுகள் முன்பு இருந்த இன்னொரு மாற்று ஆட்டக்காரரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2005 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) 24-வது ஆளாக எடுக்கப்பட்ட ராஜர்ஸ், பிரெட் ஃபாவ்ரின் பின்னால் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து அவர் எறிந்தது 59 பந்துகள். ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஆளாக இறங்கியதில்லை. சொல்லிக்கொள்ளும்படி இருந்தது 2007 நவம்பரில் டாலஸில் நடந்த ஒரே ஆட்டம். ஃபாவ்ர் காயப்பட்டு வெளியேற, இவர் உள்ளே வந்து 26-இல் 18 பந்துகளைச் சேர்த்தார். அதிலும் அணி தோற்றது. எண்களை மட்டும் பார்த்தால் ராஜர்ஸை விட ஃபிளினுக்குத்தான் சான்றுகள் அதிகம்.

ஆனால் கிரீன் பே செய்த காரியத்தைப் பாருங்கள். 2008-இல் ஓய்வு அறிவித்த ஃபாவ்ர் மனம் மாறித் திரும்பி வந்தபோது, அந்த ஊரே தெய்வமாகக் கொண்டாடிய மனிதரை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு ராஜர்ஸை வைத்துக்கொண்டது. முதல் சீசன் 6 வெற்றி, 10 தோல்வி. அந்த சீசன் பாதியில் இருக்கும்போதே அவருடைய ஒப்பந்தத்தை 2014 வரை நீட்டியும்விட்டது. வெளியில் நாம் பார்த்தது 59 பந்துகள். அவர்கள் மூன்று ஆண்டுகள், நாள்தோறும், பயிற்சி மைதானத்தில் பார்த்திருந்தார்கள். மாற்று ஆட்டக்காரரை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: அவரை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவருக்காக எதை இழக்கத் தயாராக இருந்தார்கள்?

ஃபிளின் விஷயத்தில் இந்தக் கேள்வியை அப்படியே கேட்க முடியாது. ராஜர்ஸ் இருக்கும்போது யாரும் ஃபிளினைப் பிடித்துவைக்க மாட்டார்கள். கிரீன் பே அவரை விட்டது எதையும் நிரூபிக்காது. ஆனால் வேறொரு சாட்சி இருந்தார். பேக்கர்ஸில் நான்கு ஆண்டுகளும் ஃபிளினைப் பார்த்த ஜோ ஃபில்பின், அந்த ஜனவரியில்தான் மயாமி டால்ஃபின்ஸின் தலைமைப் பயிற்சியாளராகியிருந்தார். மயாமிக்கு அப்போது குவார்ட்டர்பேக் அவசரமாக வேண்டும். ஃபிளினை வரவழைத்துப் பேசினார்கள். ஆனாலும் அவர் சியாட்டில் போனார். மயாமி அடுத்த மாதமே டிராஃப்டில் ரயன் டானஹில்லை எடுத்தது. வீட்டுக்காரரே விலையை ஏற்றாத வீட்டை வெளியூர்க்காரர் ஏன் வாங்க வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, நானும் அந்த 480-இல் மயங்கியவன்தான்.

பிராக் ஆஸ்வைலரின் கதையில் சாட்சி இன்னும் வெளிப்படை. 2015-இல் பெய்டன் மேனிங் காயப்பட்டபோது டென்வர் பிராங்கோஸுக்காக ஏழு ஆட்டங்களில் இறங்கி ஐந்தில் வென்றார். பனி கொட்டிய இரவில் பேட்ரியட்ஸை ஓவர்டைமில் வீழ்த்தியதும் அதில் ஒன்று. ஆனால் சீசனின் கடைசி ஆட்டத்தில், சார்ஜர்ஸிடம் அணி தடுமாறிக்கொண்டிருக்கும்போது, பயிற்சியாளர் கேரி குபியாக் இவரை வெளியே எடுத்துவிட்டு, வயதாகிக் கை தளர்ந்திருந்த மேனிங்கை உள்ளே அனுப்பினார். இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை மேனிங்தான் ஆடினார். இதைவிடத் தெளிவாக ஒரு அணி என்ன சொல்ல முடியும்? ஹூஸ்டன் டெக்சன்ஸ் அதைக் கேட்கவில்லை. 4 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர். 2016 சீசனில் 15 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிகள்). டிசம்பரில் ஜாக்சன்வில்லுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் உட்கார வைக்கப்பட்டார். அடுத்த மார்ச்சில், அவருடைய சம்பளச் சுமையை இறக்கிவைப்பதற்காகவே கிளீவ்லாந்துக்கு அவரோடு டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

வெற்றி-தோல்விக் கணக்கை நம்பாமல் இரவலையும் சொந்தத்தையும் பிரிக்க இன்னொரு வழி உண்டு. அதற்கு மேட் கேசல் நல்ல பாடம். பள்ளிக்குப் பிறகு ஒரு ஆட்டத்தில்கூட முதல் குவார்ட்டர்பேக்காக இறங்காத மனிதர். கல்லூரியில் கார்சன் பாமருக்கும் மேட் லைனார்ட்டுக்கும் பின்னால், பேட்ரியட்ஸில் டாம் பிரேடிக்குப் பின்னால். 2008-இன் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போக, இவர் இறங்கினார். அணிக்கு 11 வெற்றி, 5 தோல்வி (11-5). அபாரம் என்றார்கள், அபாரம்தான். ஆனால் 2007-இல் 589 புள்ளிகள் எடுத்த அணி 2008-இல் எடுத்தது 410. பந்தை எறியுமுன் எதிரணி குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்ப்பதை ‘சாக்’ என்பார்கள். 2007-இல் பிரேடி 21 முறை சாய்ந்தார். 2008-இல் கேசல் 47 முறை. முன்னால் நின்று காத்த ஆட்கள் பெரும்பாலும் அவர்களே. ஆகவே அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி குவார்ட்டர்பேக்கின் தலைக்குள் ஓடும் கடிகாரத்தைச் சேர்ந்தது: யாருக்கு எறிவது என்று முடிவெடுக்காமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நொடி. யார்டுகளை நல்ல கூட்டாளிகள் சம்பாதித்துத் தரலாம். அந்த நொடியை யாரும் தர முடியாது.

கேசல் கன்சாஸ் சிட்டி போனார். 2010-இல் 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்று ஒரு நல்ல சீசன்; பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் வரும் வெளியேற்றுச் சுற்று) ரேவன்ஸிடம் 30-7 தோல்வி. 2012-இல் அணி 2-14. முழுத் தோல்வி என்று சொல்ல மாட்டேன், கொடுத்த விலைக்கு அது போதாது என்று மட்டும் சொல்வேன். பிலடெல்பியாவின் மாற்று குவார்ட்டர்பேக்காக இருந்த கெவின் கோல்பை வாங்கிய அரிசோனாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

நான் பார்த்தவர்களில் மாறுபட்டவர் ஜிம்மி கரோப்போலோ. 2017-இல் பேட்ரியட்ஸிலிருந்து வந்து அவர் முதல் ஆளாக இறங்கியபோது சான் பிரான்சிஸ்கோவின் நிலை 1-10. இரவல் வாங்க அங்கே எதுவுமே இல்லை. ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. ஃபிளினும் ஆஸ்வைலரும் நல்ல அணியில் நன்றாக ஆடிக் காட்டினார்கள். இவர் மோசமான அணியில் ஆடிக் காட்டினார். 13.75 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு அந்த ஐந்து ஆட்டங்கள் நியாயமான காரணம் என்றே இன்றும் சொல்வேன். அதற்கு ஒரு எல்லை இருந்தது என்பதும் உண்மை. 2020 பிப்ரவரி சூப்பர் பவுலில், கடைசி இரண்டு நிமிடங்களுக்குள், நான்கு புள்ளி பின்தங்கிய நிலையில், பந்தைப் பிடிக்க வேண்டிய எமானுவேல் சாண்டர்ஸ், தடுப்பவர்களைத் தாண்டி, யாரும் எட்ட முடியாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கரோப்போலோ எறிந்த பந்து அவர் தலைக்கு மேலாகப் போய் விழுந்தது. ஆட்டம் 31-20 என்று தோல்வியில் முடிந்தது.

பணம் கொடுக்கும் முறையில் சியாட்டிலுக்கும் ஹூஸ்டனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபிளின் விஷயத்தில் சியாட்டிலும் தவறாகத்தான் கணித்தது. ஆனால் அந்தக் கணிப்பின் மேல் வீடு கட்டவில்லை. ஆறே வாரத்தில் மூன்றாம் சுற்றில், ஆறடிக்கும் குறைவான ரஸ்ஸல் வில்சனை எடுத்தது. பயிற்சியாளர் பீட் கேரல் இருவரையும் உண்மையாகவே போட்டி போட வைத்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் 2 கோடி டாலர் பெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு விந்தை: 2008-இல் இதே ஃபிளின் ஏழாம் சுற்றில் வந்து, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட பிரையன் பிரோமை இதே மாதிரிப் பின்னுக்குத் தள்ளியவர்.

என் பணமாக இருந்தால் கிரீன் பே வழிதான்: டிராஃப்டில் எடு, உட்கார வை, அவசரப்படாதே. ராஜர்ஸுக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்ட ஜோர்டன் லவ் 2021-இல் கன்சாஸ் சிட்டியில் முதல்முறை இறங்கியபோது 190 யார்டு, ஒரு டச்டவுன், 13-7 தோல்வி. ஃபிளினின் அந்த ஒரு நாளோடு ஒப்பிட்டால் பரிதாபம். 2023-இல் பொறுப்பேற்றபோதும் அணி 3-6 வரை சரிந்தது. கடைசி எட்டு ஆட்டங்களில் 18 டச்டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத அணிக்கு, கரோப்போலோ போல ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்குக் கிடைப்பவரை வாங்குவது அடுத்த வழி. ஹூஸ்டன் வழி எனக்கு எந்த விலையிலும் வேண்டாம்.

ஃபிளின் 2013 நவம்பரில் கிரீன் பேவுக்கே திரும்பினார். ராஜர்ஸின் காறை எலும்பு உடைந்திருந்தது. டிசம்பர் 15 அன்று டாலஸில் முதல் பாதி முடிவில் 26-3 என்று பின்தங்கியிருந்த அணியை, இரண்டாம் பாதியில் நான்கு டச்டவுன் எறிந்து 37-36 என்று வெல்ல வைத்தார். அதே சீசனில் ஓக்லாந்தும் பஃபலோவும் அவரை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன.