ஓர்டிஸ் போன பிறகு: பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் முன்னால் இருந்த வழிகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் நியமன அடிவீரர் (களத்தடுப்பில் நிற்காமல் மட்டை பிடிக்க மட்டும் இறங்குபவர்) டேவிட் ஓர்டிஸ், 2016 பருவத்துடன் விளையாட்டிலிருந்து விலகப்போவதாக முந்தைய ஆண்டின் நவம்பர் மாதத்திலேயே அறிவித்துவிட்டார். ஆகவே மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க நிர்வாகத்துக்குப் போதிய அவகாசம் இருந்தது. ஆனால் நாற்பது வயதில் ஓர்டிஸ் ஆடிய கடைசிப் பருவம், மெல்ல மங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மாற்றைத் தேடும் எளிய வேலையாக அதை இருக்கவிடவில்லை. 0.315 சராசரி (அடிக்க முயன்றதில் வெற்றி பெற்ற விகிதம்), 38 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி), 48 டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைத்த அடி), 127 ஆர்பிஐ (அவருடைய ஆட்டத்தால் அணிக்கு வந்த ஓட்டங்கள்) என்ற அவருடைய எண்கள் எந்த வயதினருக்கும் பெரியவை. பேஸை (மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய நிலை) எட்டும் விகிதத்தையும் அடியின் வலிமையையும் கூட்டிச் சொல்லும் ஓபிஎஸ் கணக்கில் அவர் 1.021 பெற்று, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடத்தில் இருந்தார். அந்த ஆண்டு பாஸ்டன் எடுத்த 878 ஓட்டங்கள், மேஜர் லீகின் முப்பது அணிகளிலும் மிக அதிகம்.

அவருக்கு அந்த ஆண்டு தரப்பட்ட சம்பளம் 1.6 கோடி டாலர். அந்தத் தொகை மிச்சமாகிறது, அதே தொகைக்கு இன்னொரு அடிவீரரைக் கொண்டுவந்தால் போதும் என்று தோன்றலாம். அணியின் கையைக் கட்டிப்போட்டதோ சம்பளத் தொகை மட்டுமன்று, அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் விதிக்கப்படும் ஆடம்பர வரியும்தான். இது ஐபிஎல் ஏலத்தில் உள்ளதைப் போலத் தாண்டவே முடியாத வரம்பு அன்று. தாண்டலாம், தாண்டிய அளவுக்கு வரி கட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ந்து தாண்டினால் வரி விகிதம் ஏறிக்கொண்டே போகும். 2017க்கான வரம்பு 19.5 கோடி டாலர். பாஸ்டன் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வரம்பைத் தாண்டியிருந்ததால், மூன்றாம் முறையும் தாண்டினால் கூடுதல் தொகையில் ஏறக்குறைய பாதியை வரியாகக் கட்ட நேரும். ஒரே ஒரு ஆண்டு வரம்புக்குள் அடங்கிவிட்டால், விகிதம் மறுபடியும் தொடக்க நிலையான இருபது சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஏழு ஆண்டுகளுக்கு 21.7 கோடி டாலர் என்று ஒப்பந்தமான பிட்சர் (பந்து வீசுபவர்) டேவிட் பிரைஸ், ஐந்து ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலருக்கு வந்து 2016இல் தோள் காயத்தால் மூன்றே ஆட்டங்களில் இறங்கிய பப்லோ சாண்டோவல், நான்கு ஆண்டுகளுக்கு 8.8 கோடி டாலருக்கு வந்த ஹேன்லி ராமிரெஸ் ஆகியோர் ஏற்கெனவே அந்த வரம்பின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருந்தனர். வரிக் கணக்கில் ஒரு வீரரின் மொத்த ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், சம்பளத்தை முன்பின் தள்ளிப்போட்டு ஏய்க்கவும் வழியில்லை. அணியின் ஆட்ட விவகாரங்களுக்குத் தலைவராக இருந்த டேவ் டொம்ப்ரவ்ஸ்கி இந்த நிலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது.

முதலில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் எட்வின் என்கார்னேசியோன். டொரொன்டோ அணிக்காக 2016இல் 42 ஹோம் ரன் அடித்தவர். ஆர்பிஐ கணக்கில் ஓர்டிஸுடன் 127இல் சமநிலையில் நின்றவர். ஒரே லீக், ஒரே பிரிவு, பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஆடிப் பழகியவர், நியமன அடிவீரராகவும் தடுப்பாட்டத்தில் முதல் பேஸிலும் நிற்கக்கூடியவர். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் அந்தச் சந்தையில் இவரைவிடப் பொருத்தமான மாற்று இல்லை. டொரொன்டோ நீட்டிய நான்கு ஆண்டு, 8 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஏற்காமல் அவர் சந்தைக்கு வந்திருந்தார். கடைசியில் கிளீவ்லாந்து அவரை மூன்று ஆண்டுகளுக்கு 6 கோடி டாலருக்குப் பிடித்தது.

அந்தத் தொகையை பாஸ்டனின் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். ஆண்டுக்கு 2 கோடி டாலர் சம்பளம். அது முழுவதும் வரம்புக்கு மேலே போகும் தொகை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இன்னொரு கோடி வரியாகப் போகும். வரி விகிதத்தைத் தொடக்க நிலைக்கு இறக்கும் வாய்ப்பும் அந்த ஆண்டு கைநழுவும். இதற்கு மேல், அவருக்கு டொரொன்டோ முறைப்படி ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்து அவர் மறுத்திருந்ததால், அவரை எடுக்கும் அணி அடுத்த டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தன் முதல் சுற்றுத் தேர்வை இழக்க வேண்டியிருந்தது. பாஸ்டனைப் பொறுத்தவரை அது 24ஆவது தேர்வு. இழக்காமல் வைத்துக்கொண்ட அந்தத் தேர்வில்தான் 2017இல் பிட்சர் டேனர் ஹவுக்கை எடுத்தார்கள். அவர் 2024இல், சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். டிராஃப்ட் தேர்வு என்பது வெறும் காகிதம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதே டொரொன்டோ அணியின் ஹோசே பவுடிஸ்டாவுக்கும் இந்த டிராஃப்ட் சுமை இருந்தது, வயதோ 36. அவரைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. மார்க் ட்ரம்போ 2016இல் 47 ஹோம் ரன் அடித்து மேஜர் லீகிலேயே முதலிடம் பெற்றவர், ஆனால் பேஸை எட்டும் திறன் சுமார்தான். அவருக்கும் அதே சுமை, மூன்று ஆண்டு ஒப்பந்தம் வேறு. பால்டிமோர் அணியே 3.75 கோடி டாலருக்கு அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

கார்லோஸ் பெல்ட்ரான் சற்று நின்று பார்க்க வேண்டியவர். இரு கைகளாலும் அடிப்பவர், 2016இல் 0.295 சராசரியுடன் 29 ஹோம் ரன். பருவத்தின் நடுவில் அணி மாறியதால் டிராஃப்ட் சுமை இல்லை, ஓராண்டுக்கு மேல் கேட்கவும் மாட்டார். ஹூஸ்டன் அவருக்குக் கொடுத்ததும் ஓர்டிஸ் வாங்கிய அதே 1.6 கோடி டாலர்தான். காகிதத்தில் மிகச் சுத்தமான மாற்று இதுவே. ஆனால் பருவம் தொடங்கியதும் அவருக்கு நாற்பது வயது நிறையும். ஓர்டிஸ் நாற்பதில் அடித்தார் என்பதற்காக நாற்பது வயதுக்காரர் எல்லாரும் அடிப்பார்கள் என்று நம்பி வரம்பின் பெரும் துண்டை அங்கே வைப்பது எனக்குச் சரியான பந்தயமாகத் தோன்றவில்லை.

மலிவான பக்கத்தில் கிறிஸ் கார்ட்டர் இருந்தார். மேஜர் லீகின் மற்றொரு பாதியான நேஷனல் லீகில் 41 ஹோம் ரன் அடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவரை மில்வாக்கி அணி ஒப்பந்தம் தராமல் விட்டுவிட, நியூயார்க் யாங்கீஸ் வெறும் 35 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஹோம் ரன்னுக்கு மட்டும் சந்தை இனிப் பெரிய விலை கொடுக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மைக் நபோலி 85 லட்சம் டாலருக்கு டெக்சஸ் அணிக்குப் போனார். பாஸ்டன் ரசிகர்களுக்குப் பிடித்தமானவர் என்பதைத் தவிர அவர் பக்கம் வலுவான வாதம் இல்லை.

பாஸ்டன் தேர்ந்தது இவற்றில் எதையும் அன்று. முதல் பேஸில் ஆடிக்கொண்டிருந்த ஹேன்லி ராமிரெஸை ஓர்டிஸின் நியமன அடிவீரர் இடத்துக்கு நகர்த்தினார்கள். 2016இல் அவர் 30 ஹோம் ரன், 111 ஆர்பிஐ எடுத்திருந்தார், அவருடைய சம்பளம் ஏற்கெனவே கணக்கில் இருந்தது. காலியான முதல் பேஸுக்கு மிட்ச் மோர்லேண்டை ஓராண்டுக்கு 55 லட்சம் டாலருக்குப் பிடித்தார்கள். மோர்லேண்டின் 2016 சராசரி 0.233, ஹோம் ரன் 22. அவரை வாங்கியது மட்டைக்காக மட்டுமன்று, அந்த ஆண்டு தடுப்பாட்டத்துக்காக அவர் வென்ற தங்கக் கையுறை விருதுக்காகவும்தான். ராமிரெஸ் முதல் பேஸில் நின்றபோது வெளியே போன பந்துகளில் சில இனி கையுறைக்குள் விழும், அதுவும் ஓட்டக் கணக்கில் வரவுதான் என்பது வாதம்.

அதே 2016 டிசம்பர் 6 அன்று, சிகாகோ வைட் சாக்ஸ் அணியிடமிருந்து இடக்கை பிட்சர் கிறிஸ் சேலை வாங்கும் பேரமும் முடிந்தது. இந்தப் பேரத்தைப் பார்க்காமல் மோர்லேண்டைப் பற்றி மட்டும் பேசினால் ஒப்பீடு தவறிவிடும். அமெரிக்கன் லீகின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவரான சேலின் 2017 சம்பளம் 1.2 கோடி டாலர் மட்டுமே. என்கார்னேசியோனுக்கு ஆகும் செலவைவிட எவ்வளவோ குறைவு. விலை பணமாக இல்லை, ஆளாக இருந்தது. பாஸ்டன் 3.15 கோடி டாலர் முன்பணமும் ஏறத்தாழ அதே அளவு அபராதமும் கொடுத்துப் பிடித்த கியூபாவின் யோவான் மொன்காடாவையும், வேகத்துக்குப் பேர்போன இளம் பிட்சர் மைக்கேல் கோபெக்கையும், இன்னும் இருவரையும் கொடுக்க வேண்டியிருந்தது. அடிப்பதில் குறையும் ஓட்டங்களை, எதிரணிக்குக் கொடுக்கும் ஓட்டங்களைக் குறைத்து ஈடுகட்டுவது என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து. இரண்டு வாரம் கழித்து, 1.35 கோடி டாலர் சம்பளமுள்ள பிட்சர் க்ளே புகோல்ஸை ஒரு சிறிய லீக் ஆட்டக்காரருக்கு ஈடாக பிலடெல்பியாவுக்கு அனுப்பியதும் வரி வரம்புக்குள் அடங்குவதற்காகவே.

இந்த வழியில் ஒரு பலவீனமான கண்ணி இருந்தது: ராமிரெஸின் தோள். எதிரணியில் இடக்கை பிட்சர் இறங்கும் நாள்களில் அவர் முதல் பேஸுக்கு வருவார், நியமன அடிவீரர் இடத்தில் அணியின் இன்னொரு வீரரான கிறிஸ் யங் அடிப்பார், இடக்கைக்காரர்களிடம் தடுமாறும் மோர்லேண்ட் ஓய்வெடுப்பார் என்பதுதான் திட்டம். ராமிரெஸுக்குப் பந்தை எறிவதே வலியாகிவிட்டதால் பருவத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சுழற்சி கலைந்தது. மோர்லேண்ட் எல்லா நாளும் நிற்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் கால் பெருவிரல் எலும்பு முறிந்த நிலையிலும் ஆடினார். நியமன அடிவீரர் இடத்தைப் பல வீரர்களுக்குச் சுழற்சியாகத் தரலாம் என்ற வசதியும் போயிற்று. காயங்களுடன் வரும் ஒருவரின் மிகச் சிறந்த ஆண்டை அடுத்த ஆண்டுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டதே டொம்ப்ரவ்ஸ்கியின் கணக்கில் நான் காணும் உண்மையான பிழை. என்கார்னேசியோனை விட்டதில் இல்லை.

2017 முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். என்கார்னேசியோன் கிளீவ்லாந்தில் 38 ஹோம் ரன், 107 ஆர்பிஐ எடுத்தார். கேட்ட விலைக்கு நியாயம் செய்தார் என்பதில் ஐயமில்லை. ராமிரெஸ் 0.242 சராசரியுடன் 23 ஹோம் ரன், மோர்லேண்ட் 22. பெல்ட்ரான் 0.231 சராசரியும் 14 ஹோம் ரன்னும்தான். மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை ஹூஸ்டன் வென்றதால் அந்த எண்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ட்ரம்போ 47இலிருந்து 23க்கு இறங்கினார். கார்ட்டரைப் பருவத்தின் நடுவிலேயே யாங்கீஸ் கைவிட்டது. பவுடிஸ்டாவின் சராசரி 0.203, நபோலியுடையது 0.193. அந்தப் பட்டியலில் என்கார்னேசியோனைத் தவிர வேறு யாரை வாங்கியிருந்தாலும் பாஸ்டன் வருந்தியிருக்கும்.

அணியின் மொத்தக் கணக்கு இன்னும் சுவையானது. எடுத்த ஓட்டம் 878இலிருந்து 785க்கு விழுந்தது. ஹோம் ரன் 208இலிருந்து 168ஆகி அமெரிக்கன் லீகிலேயே கடைசி இடம். கொடுத்த ஓட்டமோ 694இலிருந்து 668ஆக மட்டுமே குறைந்தது. போன 93 ஓட்டத்துக்கு 26 ஓட்டம்தான் ஈடு என்றால் பேரம் தோற்றதாகவே தெரியும். ஆனால் அதே பருவத்தில் பிரைஸ் காயத்தால் 11 ஆட்டங்களில் மட்டுமே முதல் பிட்சராக இறங்கினார். முந்தைய ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்ற ரிக் போர்செல்லோ 17 தோல்விகளைச் சந்தித்தார். 308 முறை மட்டையாளர்களைப் பந்துவீச்சாலேயே வெளியேற்றிய (ஸ்ட்ரைக் அவுட்) சேல் இல்லாதிருந்தால் இந்த இரண்டு சரிவையும் அணி தாங்கியிருக்காது. வெற்றி எண்ணிக்கை இரண்டு ஆண்டும் அதே 93. இரண்டு ஆண்டும் பிரிவில் முதலிடம். இரண்டு ஆண்டும் பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றுகளில் முதல் தொடரிலேயே தோல்வி.

வரி வரம்புக்குள் அடங்கிய பயன் அடுத்த குளிர்காலத்தில்தான் கைக்கு வந்தது. 2017இல் 119 ஆட்டங்களில் 45 ஹோம் ரன் அடித்த ஜே. டி. மார்ட்டினெஸ் சந்தையில் இருந்தார். பருவ நடுவில் டெட்ராய்டிலிருந்து அரிசோனாவுக்கு மாறியதால் அவரை எடுத்தால் டிராஃப்ட் தேர்வு போகாது. மற்ற வழிகளில், கார்லோஸ் சந்தானா மூன்று ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு பிலடெல்பியாவுக்குப் போனார். எரிக் ஹோஸ்மருக்கு சான் டியேகோ எட்டு ஆண்டுக்கு 14.4 கோடி கொடுத்தது. மார்ட்டினெஸை பாஸ்டன் 2018 பிப்ரவரியில் ஐந்து ஆண்டுக்கு 11 கோடி டாலருக்குப் பிடித்தது. அந்த ஆண்டு வரம்பை வெகுதூரம் தாண்டியும், விகிதம் தொடக்க நிலைக்கு வந்திருந்ததால் வரி தாங்கும் அளவில் இருந்தது. அவர் 0.330 சராசரியுடன் 43 ஹோம் ரன், 130 ஆர்பிஐ எடுத்தார். அணி 108 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. முந்தைய ஆண்டு என்கார்னேசியோனுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால், ராமிரெஸும் அங்கேயே இருக்க, மார்ட்டினெஸுக்கு மட்டை பிடிக்க இடமே இருந்திருக்காது.

ராமிரெஸின் ஒப்பந்தத்தில் இன்னொரு கொக்கியும் இருந்தது. 2017, 2018 இரண்டிலும் சேர்த்து 1,050 முறை அடிக்க இறங்கினால், 2019க்கு 2.2 கோடி டாலர் தானாகவே உறுதியாகிவிடும். 2018 மே மாத இறுதியில், அந்த ஆண்டுச் சம்பளத்தின் மீதியைக் கொடுத்துவிடுவதென்ற முடிவுடன் அணி அவரை விலக்கியது. முதல் பேஸ், 55 லட்சத்துக்கு வந்து பின்னர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பெற்றிருந்த மோர்லேண்டின் பொறுப்பாயிற்று. அவர் அந்த ஆண்டு ஆல்-ஸ்டார் அணிக்கும் தேர்வானார்.