'ரெண்டாவது வருஷம் மாத்திக்கலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டுக்காரர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். கல்லூரிச் சேர்க்கை முகவர் ஒருவர் சொன்ன இந்த வார்த்தையை நம்பி, என் தங்கையின் நான்கு வருடம் போயிருக்கிறது.

2022 ஜூனில் அவளுக்கு ரிசல்ட் வந்தது. கணக்கு 78, இயற்பியல் 74, வேதியியல் 80. பொறியியல் கட்-ஆஃபுக்குக் கணக்கை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள். 200-க்கு 155. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், நான் ஐ.டி.ஐ. முடித்து லேத் பட்டறையில் இருக்கிறேன். வீட்டில் பட்டம் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

மறுநாளே கல்லூரி சீட் பிடித்துத் தரும் ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன். அவள் பெயர், பள்ளி, மார்க் எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள். இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாலு நாளில் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "155-க்கெல்லாம் கவுன்சிலிங்ல சிஎஸ்இ, அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைக்காது தம்பி. இப்பவே மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஒரு சீட்டைப் பிடிச்சிருங்க" என்றார். கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்ளும் சீட்தான் அது. அந்த வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் முடிவுக்காக, கட்-ஆஃப் வரிசையில் அரசு சீட் ஒதுக்கும் பொதுக் கவுன்சிலிங் ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. சீட் கிடைக்காமல் போய்விடுமோ என்று எங்களுக்கு வந்த பயத்தை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். வாரத்துக்கு மூன்று முறை போன், ஒவ்வொரு முறையும் "இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு".

அவர் காட்டிய சீட் பி.இ. அக்ரிகல்ச்சுரல் இன்ஜினியரிங். அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி மூன்று வாக்குறுதி கொடுத்தார். இரண்டாம் வருடம் சிஎஸ்இ-க்கு மாற்றிக்கொள்ளலாம். மாறாவிட்டாலும் ஏஐ-யில் மைனர், அதாவது வேறொரு துறையில் கூடுதல் பாடங்கள், எடுத்தால் சிஎஸ்இ படித்த மாதிரிதான். எதுவுமே இல்லாவிட்டாலும் அரசாங்கத்தில் வேளாண் அலுவலர் ஆகலாம். அப்பாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். ரசீது கன்சல்டன்சி பெயரில் ஒரு துண்டுச் சீட்டு. டி.சி., பத்தாவது, ப்ளஸ் டூ மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வேளாண் அலுவலர் வேலைக்குக் கேட்பது பி.எஸ்சி. வேளாண்மை. இவள் படித்தது டிராக்டர், பம்ப்செட், நீர்ப்பாசனம் சம்பந்தப்பட்ட பொறியியல். நல்ல படிப்புதான், அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. ஆனால் இரண்டும் வேறு வேறு என்று அவளுக்கே முதல் செமஸ்டரில்தான் தெரிந்தது. வெளியே வந்துவிடலாம் என்று போய்க் கேட்டபோது, நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் விதி. இது எதுவும் தெரியாமல் அன்று நானும் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினோம்.

இரண்டாம் வருடம் சிஎஸ்இ-யில் இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை.

அப்புறம் மைனர். இதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், இப்போது எல்லாச் சேர்க்கை முகவர்களும் இந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) கூடுதலாக, ஐந்தாம் செமஸ்டரிலிருந்து படித்தால் மைனர். மூன்று கிரெடிட் பாடமென்றால் ஆறு பாடம். மைனருக்கென்று பொதுவாக வைத்திருந்த பிரிவுகள் ஃபின்டெக் என்கிற நிதித் தொழில்நுட்பம், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் போன்றவை. அவள் கல்லூரியில் இவற்றிலும் இரண்டைத்தான் நடத்தினார்கள். ஏஐ பிரிவில் பாடம் எடுக்க ஆள் இல்லை என்றார்கள். அவள் வணிகத் தரவை எடுத்து, ராத்திரி உட்கார்ந்து படித்து முடித்தாள். ஆனாலும் பட்டம் அக்ரிகல்ச்சுரல் இன்ஜினியரிங் பெயரில்தான். வளாகத்துக்கு முதலில் வந்த சாஃப்ட்வேர் கம்பெனி சிஎஸ்இ, ஐடி, ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) மாணவர்களை மட்டும்தான் உட்கார வைத்தது. மைனர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள், பட்டியலில் அவள் துறையே இல்லை.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. எந்தக் கல்லூரியில், எந்தத் துறை, எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு, எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று கவுன்சிலிங் இணையதளத்திலேயே போடுகிறார்கள். அடுத்த வருடம் பட்டறை நண்பன் அதை எடுத்துக் காட்டினான். அதே கல்லூரியில், எங்கள் பிரிவில், அதே 2022-இல் சிஎஸ்இ 138 வரை இறங்கியிருந்தது. 155 வைத்திருந்தவள் கவுன்சிலிங்கில் போயிருந்தால் அவள் கேட்ட படிப்பே கிடைத்திருக்கும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கிடைத்திருக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்ததால் அதுவும் போனது. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது.

இந்த வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே மாதிரி போன் வந்தது. அன்று சாயங்காலமே அவனையும் அவன் அம்மாவையும் உட்கார வைத்து, பழைய கட்-ஆஃப் பட்டியலைத் திறந்து 30 கல்லூரிகளை வரிசையாக எழுதினோம். எழுதியது என் தங்கை. மறுநாள் காலை கவுன்சிலிங் சேவை மையத்துக்கு அவளேதான் கூட்டிக்கொண்டு போனாள்.