சால்மன் பார்க்க இசக்குவாவா, பாலார்டா?

சியாட்டில் பக்கம் சால்மன் மீன் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பாலார்ட் லாக்ஸ் (கடலுக்கும் ஏரிக்கும் இடையே கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகு), இல்லையென்றால் இசக்குவா மீன் பொரிப்பகம் (மீன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் இடம்). இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இசக்குவாவுக்கு வரும் மீன்கள் பாலார்டைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். முட்டையிட வரும் மீனுக்கு வழி இது: கடலிலிருந்து பாலார்ட், அப்புறம் வாஷிங்டன் ஏரி, சமாமிஷ் ஆறு, சமாமிஷ் ஏரி, கடைசியில் இசக்குவா ஓடை. ஆகவே எந்த இடம் என்பதைவிட எந்த மாதம் என்பதுதான் கேள்வி.

பாலார்டில் மீன் இன்னும் கடல் மீன்தான். உடம்பெல்லாம் வெள்ளி மினுக்கு. 1917-இல் திறந்த லாக்ஸ் இது. மீன் மேலேறிப் போக நீர் வழியும் 21 படி மீன் ஏணி, இப்போதுள்ளது, 1976-இல் கட்டியது. கீழே இறங்கினால் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீன் எதிர்நீச்சல் போடுவது தெரியும். ஜூலையில் சாக்கை, ஆகஸ்டில் சினூக், செப்டம்பரில் கோஹோ; மூன்றும் சால்மன் வகைகள். வாலுக்குச் சற்று முன்னால், முதுகில் உள்ள குட்டித் துடுப்பு இல்லையென்றால் அது பொரிப்பகத்து மீன். குஞ்சிலேயே அடையாளத்துக்காக வெட்டிவிடுகிறார்கள். பருவம் தவறிப் போனால் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம்.

1936-இலிருந்து நடக்கும் இசக்குவா பொரிப்பகத்தில் கதையே வேறு. ஆற்றில் ஏறியதிலிருந்து இரை எடுக்காமல் வந்து சேரும் மீன் கறுத்துப் போயிருக்கும். ஆண் மீனுக்குத் தாடை கொக்கி போல் வளைந்திருக்கும், தோல் அங்கங்கே வெளுத்து உரிந்திருக்கும். அழகு பார்க்க வருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் சினை எடுக்கும் நாளில் போனால், வயிற்றைக் கீறியதும் ஆரஞ்சு முத்துகளாக முட்டை வாளியில் கொட்டுவதைப் பார்க்கலாம். அதில் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து கலந்துவிடுவார்கள். சில குழந்தைகள் முகம் சுளிக்கும். ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் அசரமாட்டார்கள், மீன் மார்க்கெட்டில் பார்க்காததா!

அக்டோபர் முதல் வார இறுதியில் அங்கே சால்மன் திருவிழா. கூட்டம் பிடிக்குமென்றால் சரி; எனக்கு அதற்கடுத்த வாரத்து வேலைநாள் போதும். ஜூலையில் விருந்தாளி வந்தால் யோசிக்காமல் பாலார்ட். ஒன்றுதான் போக முடியும், நாளும் நம் கையில் என்றால், என் ஓட்டு இசக்குவாவுக்கு.

சால்மனுக்குச் சொந்தமான டிரவுட் மீன்தான் வேண்டுமென்றால் இரண்டுமே சரிப்படாது. போர்ட்லாந்துக்குக் கிழக்கே பான்வில் பொரிப்பகத்துக்குப் போங்கள். ரெயின்போ டிரவுட் குளத்தில் இரை போடலாம், பத்தடிக்கு மேல் நீளமுள்ள ஹெர்மன் என்ற ஸ்டர்ஜன் மீனையும் பார்க்கலாம். சியாட்டிலிலிருந்து ஒரு நாள் பயணமாகிவிடும், அவ்வளவுதான்.