பாயான் லெப்பாஸில் இரண்டு நாள் லைன் பேலன்சிங் வகுப்பு: போகலாமா?

லைன் பேலன்சிங் என்றால் அசெம்பிளி லைனில் வேலையை ஆட்களுக்குச் சமமாகப் பங்கு பிரிப்பது. போன மாதம் அந்த வகுப்புக்குக் கம்பெனி அனுப்பிப் போய்வந்தேன். பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு ஹோட்டல் மண்டபம், ஆளுக்கு 1,400 வெள்ளி, சாப்பாடு உட்பட. பணம் என் பாக்கெட்டிலிருந்து போகவில்லை. தொழிலாளர் பயிற்சிக்காகக் கம்பெனிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு எச்.ஆர்.டி. கார்ப் என்ற அரசு அமைப்புக்கு லெவி கட்டுகிறார்களே, அதில் கழித்துக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டு நாளும் காலையில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிறை ஊரிலிருந்து பாலத்தில் ஊர்ந்து வந்தவன் நான்தானே, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் நாள் அருமை. பயிற்சியாளர் ஸ்லைடைத் திறக்காமல் மேசையில் டார்ச் லைட் பாகங்களைக் கொட்டி, ஆறு பேரை வரிசையாக உட்காரவைத்தார். ஒருவர் ஸ்பிரிங் போட, அடுத்தவர் பல்பு திருக, இப்படியே போய்க் கடைசி ஆள் எரிகிறதா என்று பார்த்து டப்பாவில் அடைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நாலாவது ஆளுக்கு முன்னால் அரைகுறை டார்ச்சுகள் குவிந்துவிட்டன, அஞ்சாவது ஆள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டார். எங்கள் லைனை யாரோ வீடியோ எடுத்துப் போட்ட மாதிரியே இருந்தது.

அப்புறம் ஒரு பவர் சப்ளை லைனின் கணக்கைப் போட்டார். எட்டு மணி நேர ஷிப்டில் இடைவேளை 30 நிமிடம் போக 450 நிமிடம், அதாவது 27,000 விநாடி. ஆர்டர் 600 என்றால் 45 விநாடிக்கு ஒன்று வெளியே வரவேண்டும், இதுதான் டாக்ட் டைம். எல்லா வேலையையும் கூட்டினால் 246 விநாடி. 45-ஆல் வகுத்தால் 5.47, அரை ஆள் கிடைக்காது, ஆகவே ஆறு ஸ்டேஷன். சரி, ஆறு பேர் இருந்தும் ஏன் 600 வரவில்லை? நாலாவது ஸ்டேஷனுக்கு மட்டும் 52 விநாடி. மற்ற ஐந்து பேர் பறந்தாலும் 52 விநாடிக்கு ஒன்றுதான் வரும், ஷிப்டுக்கு 519. அந்த ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஸ்குரூவை அடுத்தவருக்குத் தள்ளி, எது முடிந்தால்தான் எது செய்யலாம் என்ற வரிசை கெடாமல் பங்கு பிரித்ததும் அதிகபட்சம் 44 விநாடி ஆனது. எண்ணிக்கை 613. பேலன்ஸ், அதாவது ஆறு பேரின் நேரத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு, முன்னால் 79 விழுக்காட்டைத் தொடாமல் இருந்தது, இப்போது 93. ஓர் ஆளும் கூடவில்லை.

1961-இல் ஹெல்கசன், பர்னி என்ற இருவர் சொன்ன முறையையும் காட்டினார்: ஒரு வேலையின் நேரத்தோடு, அதை நம்பிப் பின்னால் நிற்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டி, பெரிய எண்ணிலிருந்து இறங்கி இறங்கி ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். பென்சிலும் தாளும் போதும்.

இரண்டாம் நாள் அப்படியே கவிழ்ந்தது. காலை முழுக்க ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம்தான், வேறென்ன சொல்ல. மதியம் கேள்வி நேரத்தில் நான் கேட்டேன்: எங்கள் லைனில் கனெக்டர் அழுத்தும் அக்காவுக்கு மணிக்கட்டு வலி, காலையில் 41 விநாடியில் முடிப்பார், சாப்பாட்டுக்கு மேல் 50 ஆகிவிடும், எந்த எண்ணைப் போடுவது? "ஆவரேஜ் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைக் காட்டினார். ஆவரேஜ் போட்டால் காலையில் அவர் சும்மா இருப்பார், மதியம் அவர் முன்னால் மலை குவியும். பேப்பரில் மட்டும் எல்லாம் சமம்.

நேரம் எடுப்பதைப் பற்றியும் இரண்டு வரிதான். ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவன் பக்கத்தில் வந்து நின்றால் புது ஆள் பறப்பார், பத்து வருஷம் போட்டவர் நிதானமாகிவிடுவார். எல்லாக் கணக்கும் நிற்பது அந்த எண்களின் மேல், அதை எப்படிச் சண்டை இல்லாமல் எடுப்பது என்று சொல்லித்தரத்தான் வகுப்பு வேண்டும்.

திரும்பி வந்து நானே ஒன்று செய்து பார்த்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த அக்காவையும் லேபிள் ஒட்டும் பையனையும் இடம் மாற்றினேன். முதலில் அக்காவே ஒத்துக்கொள்ளவில்லை, "என்னை மெதுவான ஆளுன்னு எழுதி வச்சிட்டீங்களா தம்பி?" என்றார். இதற்கு வகுப்பில் கொடுத்த ஃபைலில் பதில் இல்லை. பையனுக்குக் கனெக்டர் பழக நாலு நாள் ஆனது, இப்போது மதியக் குவியல் குறைந்திருக்கிறது, போகவில்லை.

கம்பெனி லெவியில் மிச்சம் இருந்தால் போங்கள். சொந்தக் காசு என்றால் முதல் நாளுக்கு மட்டும் விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மீன் கறி நன்றாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் மட்டும் நீங்களே கொண்டுபோங்கள், அவர்கள் கொடுப்பதில் பாதிக்கு பேட்டரி இல்லை.