கடைக்குப் பின்னால் ஒரு பயோகேஸ் தாங்கி: மலைநாட்டில் எடுபடுமா?

1000 லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, அதற்குள் கவிழ்த்துவைத்த 750 லீற்றர் தாங்கி, கழிவு போட நாலு அங்குலக் குழாய், கரைசல் வழிந்து வெளியேற இன்னொரு குழாய், உச்சியில் ஒரு வால்வு. சமையலறைக் கழிவை அழுகவைத்து அடுப்புக்குக் கேஸ் எடுக்க, சாப்பாட்டுக் கடைகளுக்கென்று விற்கப்படும் மிதக்கும் மூடி வகைப் பயோகேஸ் தாங்கி இவ்வளவுதான். கேஸ் சேரச் சேர உள்தாங்கி மேலே எழும்பும், அடுப்பைப் பற்றவைத்தால் கீழே இறங்கும். உடைந்துபோகப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதே இதன் முதல் நல்ல குணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்டியில் வாங்கலாம். ஹட்டனில் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கலாம். நுவரெலியாவில் சிலிண்டர் கேஸ் மிச்சம் பிடிப்பது மட்டும்தான் நோக்கமென்றால் வேண்டாம். கழிவை ஒழிக்கவும் பாத்திக்கு உரம் எடுக்கவும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

விளம்பரத் தாளில் உள்ள கணக்கு சமவெளிக் கணக்கு. கொழும்பில் 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, சமையலறைக் கழிவை எங்கே கொட்டுவது என்பது கடைக்காரர்களுக்கும் தலைவலியாயிற்று. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது அடுப்புக் கவலையும் சேர்ந்துகொண்டது. 'பத்துக் கிலோ கழிவு போட்டால் ஒரு கன மீற்றர் கேஸ்' என்று விளம்பரம் சொல்வது 27, 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள கொழும்புக்குச் சரி. கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகைதான் உகந்தது. 15 பாகைக்குக் கீழே போனால் அவை ஏறக்குறைய தூங்கிவிடும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகைதான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளைச் சொல்லவே வேண்டாம்.

விற்பவர்கள் சொல்லாத இன்னொரு விஷயம் காற்றழுத்தம். நுவரெலியாவில் அது கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே உள்தாங்கி கொழும்பில் எழும்பும் அதே உயரத்துக்கு இங்கே எழும்பினாலும், உள்ளே அடங்கியிருக்கும் கேஸ் அந்த அளவுக்குக் குறைவு. 'தாங்கி நிறைந்திருக்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது' என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

அளவை இப்படிப் பாருங்கள். கழிவுக்குச் சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். கண்டி வெப்பத்தில் அந்தக் கரைசல் சுமார் 50 நாள் உள்ளே கிடந்தால் போதும். 1000 லீற்றரை 50 ஆல் வகுத்தால் நாளுக்கு 20 லீற்றர், அதாவது பத்துக் கிலோ கழிவு. நுவரெலியாவில் 100 நாள் வேண்டும்; நாளுக்கு ஐந்து கிலோதான். ஐந்து கிலோவிலிருந்து நன்றாக ஓடும் காலத்தில் அரைக் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கேஸ் வரும். ஒரு கன மீற்றர் பயோகேஸ் சுமார் 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம், அதுவும் நல்ல மாதங்களில். கேட்கும் விலையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பேரம் பேசுங்கள். கொத்து ரொட்டிக் கல்லுக்கு இந்தக் கேஸ் காணவே காணாது. தேநீர்த் தண்ணீர் கொதிக்கவைக்கவும் பருப்பு அவிக்கவும் சரி.

வைக்கும் இடத்தில்தான் பாதி வெற்றி. சுவரின் நிழலில், கான் ஓரத்தில் வைத்த தாங்கி உருப்படாது. காலை வெயில் விழும் பக்கம் பார்த்து, பாதியை மண்ணுக்குள் இறக்கி, வெளிச்சுற்றுக்கு ரிஜிபோம் அல்லது வைக்கோல் கட்டுங்கள். மரக்கறித் தோட்டக்காரர்கள் போடும் பொலித்தீன் கூடாரம் ஒன்றைச் சின்னதாகப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் கூடாரத்தின் இரு முனையையும் திறந்தே வைக்க வேண்டும். கசியும் கேஸ் உள்ளே தேங்கினால் ஆபத்து. குளிர்ந்த பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். வடித்த கஞ்சியும், அரிசி கழுவிய நீரை வெதுவெதுப்பாக்கியதும் கலந்து மதியத்தில் ஊற்றினால் தாங்கி அவ்வளவாகக் குளிராது.

தொடக்கத்துக்கு 200 முதல் 250 கிலோ புதுச் சாணம், அதே அளவு தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். தோட்டத்து மாட்டுப்பட்டிகளில் சாணத்துக்குக் குறைவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் சாணமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த மருந்து நமக்கு வேண்டிய உயிர்களையும் கொன்றுவிடும். கண்டியில் மூன்று வாரத்தில் எரியும் கேஸ் வரும், நுவரெலியாவில் ஆறு முதல் எட்டு வாரம். முதல் இரண்டு முறை தாங்கி எழும்பியதும் பற்றவைக்கக் கூடாது, வெளியே விட்டுவிட வேண்டும். அதில் காற்று கலந்திருக்கும், வெடிக்கும்.

எதைப் போடுவது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சோறு, கறி, பாண் துண்டு, மரக்கறித் தோல், மீன் கழுவிய கழிவு எல்லாம் போகலாம், நெல்லிக்காய் அளவுக்கு நறுக்கினால். தேங்காய்ச் சக்கை கொஞ்சம் போகலாம். நிறையப் போட்டால் மேலே மிதந்து ஏடாகக் கட்டிவிடும். எலும்பும் முட்டைக்கோதும் அடியில் குவிந்து குழாயை அடைக்கும். தேசிக்காய்த் தோல் கூடாது. எண்ணெயைத் தனியாக எடுத்துவிடுங்கள். தேநீர்க் கடைக்காரர்களுக்கு ஓர் ஏமாற்றமான செய்தி: வடித்த தேயிலைச் சக்கை இதற்கு ஆகாது. அது மெதுவாகவே மக்கும், கேஸும் அற்பம், அடியில் சேறாகப் படியும். மலைநாட்டில் எந்தக் கடையிலும் பக்கெட் கணக்கில் சேர்வது அதுதான் என்பது வேறு விஷயம். அதைக் கூட்டெருக் குழியில் போடுங்கள். சவர்க்காரம், குளோரின் கலந்த கழுவு நீர் உள்ளே போனால் கேஸ் குறைந்துவிடும்.

புளித்துப்போவதுதான் பெரிய கோளாறு. சோறும் பாணும் அளவுக்கு மீறிப் போனால் அமிலம் கூடி, கேஸ் வரும் ஆனால் எரியாது. வினாகிரி வாடை அடிக்கும். லிட்மஸ் தாள் சிவந்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் கழிவு போடுவதை நிறுத்துங்கள். நீர்த்த சுண்ணாம்பு 100 கிராமை ஒரு பக்கெட் நீரில் கரைத்து ஊற்றி, மறுநாள் மீண்டும் தாளை வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் 50 லீற்றர் கரைசலை எடுத்துவிட்டுச் சாணக் கரைசல் ஊற்ற வேண்டும். நுவரெலியாக் கடைகளில் இது ஏப்ரல் சீசனில்தான் நடக்கும். சனம் குவியும், கழிவு மூன்று மடங்காகும், வேலைக்காரப் பையன் பக்கெட்டை அப்படியே கவிழ்ப்பான். மே மாதம் அடுப்பு எரியாது. சீசனில் மிஞ்சும் கழிவைப் பன்றி வளர்ப்பவருக்கோ கூட்டெருவுக்கோ கொடுக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவர்கள் இதை வாங்கவே கூடாது.

அடுப்பு: சிலிண்டர் அடுப்பை அப்படியே பொருத்த முடியாது. அழுத்தம் மிகக் குறைவு என்பதால் ரெகுலேட்டர் தேவையில்லை, ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டும். பயோகேஸுக்கென்றே செய்த அடுப்பைத் தாங்கியோடு கேட்டு வாங்குவது நல்லது. ஒரு மீற்றர் விட்டமுள்ள உள்தாங்கிமீது 30 கிலோ கல்லைச் சமமாகப் பரப்பினால் கிட்டத்தட்ட 4 செ.மீ. நீரழுத்தம் கூடும். கல்லை ஒரு பக்கம் வைத்தால் தாங்கி சாய்ந்து கேஸ் குமிழியிட்டு வெளியேறும். பனிமூட்டத்தில் குழாய்க்குள் நீர் கோக்கும். குழாய் எங்கே தொய்ந்திருக்கிறதோ அங்கே அடைக்கும், சுடர் துடிக்கும். குழாயைச் சரிவாகக் கட்டி, மிகத் தாழ்ந்த இடத்தில் தேங்கும் நீரை வடித்துவிட ஒரு திறப்பு வையுங்கள். அழுகிய முட்டை வாடை தரும் கந்தக வாயு பித்தளையைத் தின்றுவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சு அடைத்த வடிகட்டி ஒன்று வேண்டும், பஞ்சு கறுத்ததும் மாற்ற வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. விலை பேசும்போதே கேளுங்கள்.

உண்மையான வரவு வழிந்து வரும் கரைசலில் இருக்கிறது. 2021 இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது இதன் அருமை தெரிந்தது. நாளுக்குப் பத்து லீற்றர் ஊற்றினால் ஏறத்தாழ பத்து லீற்றர் வெளியே வரும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து லீக்ஸ், கோவா பாத்திகளின் வேரடியில் ஊற்றலாம், இலையில் படக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் சலாது இலைக்கு வேண்டாம். பாத்தி இல்லாத டவுன் கடைக்காரர் வாரம் இருமுறை கேனில் எடுத்துப்போக ஒரு தோட்டக்காரரைப் பிடித்துவைத்த பிறகே தாங்கியை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கானுக்குத்தான் போகும், மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார்.