பால் வெட்டும் கைக்கு எது நல்லது: பந்தா, மணிக்கட்டுப் பட்டையா, தடவலா, நரம்புப் பயிற்சியா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குப் பெருவிரலும் நடுவிரலும் மரத்துப்போவது புதிதல்ல. மரத்துக்கு மரம் மணிக்கட்டைத் திருப்பிக் கத்தியை இழுக்கும் வேலை அது. நாளாக ஆக, மணிக்கட்டு நரம்பைச் சுற்றியுள்ள திசுவில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் படிந்து தடிக்கலாம். வழுக்கி ஓட வேண்டிய நரம்பு ஒட்டிக்கொண்டு, கை நீட்டும்போதெல்லாம் இழுபடும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் இந்தக் கோளாறைக் 'கார்பல் டனல்' நோய் என்பார்கள்.

உடனே பலரும் வாங்குவது ரப்பர் பந்து. இதை நான் கடைசியில்தான் வைப்பேன். இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கைச் சிறு தசைகள், நரம்பு செல்லும் குறுகிய பாதையான மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்து நரம்பை நெருக்கும். நாள் முழுக்கக் கத்தி பிடித்த கைக்கு இன்னும் பிடிப்பு எதற்கு?

இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவலாம். 1981இல் கெல்பர்மன் என்ற மருத்துவரின் குழு அளந்தபோது, நேரான மணிக்கட்டிலேயே இந்நோயாளிகளுக்குச் சுரங்கத்துக்குள் சராசரி அழுத்தம் 32 மி.மீ. பாதரசம், மற்றவர்களுக்கு 2.5. மணிக்கட்டை மடக்கினால் அது பல மடங்கு ஏறியது. பட்டை அந்த ஏற்றத்தைத் தடுக்கும். ஆனால் ஒட்டிய நரம்பை நகர்த்தாது.

ஆசான்மார் எனப்படும் நாட்டு வைத்தியர்களின் எண்ணெய்த் தடவலைச் சும்மா தள்ளிவிட முடியாது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில், உணவுக்காக ஓயாமல் கைப்பிடியை இழுத்த எலிகளின் முன்னங்காலை நீவிவிட்டார்கள். நீவாத எலிகளைவிட அவற்றுக்கு நரம்பைச் சுற்றிய கொலாஜன் குறைவாக இருந்தது. 2016இல் வந்த முடிவு இது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, அங்கே நீவியது மென்மையாக; மரத்த இடத்தை அழுத்திப் பிசைவது வேறு சங்கதி.

என் முதல் தேர்வு, இரவுப் பட்டையோடு சேர்த்துச் செய்யும் நரம்பு வழுக்குப் பயிற்சி. முஷ்டி பிடியுங்கள், விரல்களை நீட்டுங்கள், மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துப் பெருவிரலை விரியுங்கள். அப்புறம் உள்ளங்கையை மேலே திருப்பி, மறுகையால் பெருவிரலை லேசாக இழுங்கள். எடை வேண்டாம், வேகம் வேண்டாம். மின்னல்போல் சுரீர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மனிதர்களிடம் இதற்கான சான்று இன்னும் பலவீனம்தான். ஆனாலும் செலவில்லை, கூலியும் போகாது. வரிசைக்கு வரிசை நடக்கும் இடைவெளியிலேயே செய்யலாம்.

பெருவிரல் அடிச்சதை வற்றினாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டாலோ எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்காதீர்கள். நரம்பு எவ்வளவு நன்றாகச் சமிக்ஞை கடத்துகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுத்து மருத்துவரைப் பாருங்கள். அழுத்தம் நீடித்தால் நரம்பிழைகளே சேதமாகும். அப்புறம் அறுவை செய்தாலும் முழு உணர்வு திரும்பாமல் போகலாம்.